செமஸ்டர் ஆரம்பத்துல உங்க காலேஜ் கூட்டங்கள்ல என்ன நடந்துச்சு? மினிட்ஸ்ல என்ன ஏறுச்சு? அனுபவத்தைப் போடுங்க

பொருளியல் துறை, உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி, மதுரைப் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் திறந்து ஆட் செமஸ்டர் (வருஷத்தோட முதல் பாதி) ஓட ஆரம்பிச்சாச்சு. எங்க காலேஜ்ல எப்பவும் போல முதல்ல ஜெனரல் ஸ்டாஃப் மீட்டிங், எந்தத் துறைல அட்மிஷன் எவ்வளவு, எதுல சீட் காலியா கிடக்கு, கல்லூரித் தரத்தை மதிப்பிடுற நாக்குக்கு வருஷா வருஷம் கொடுக்குற ஏக்யூஏஆர் அறிக்கையை எப்ப அனுப்பணும், நான் முதல்வன் வகுப்புக்கு எந்த பீரியடை ஒதுக்கணும், பயோமெட்ரிக்ல எத்தனை மணிக்குள்ள விரல் வைக்கணும், இதெல்லாம் பிரின்சிபால் ஸ்க்ரீன்ல காட்டிப் பேசி முடிக்கவே மதியம் ஆயிரும், ஆசிரியர்கள் பேசுறதுக்கு நேரமே இருக்காது. அதைப் பத்தி நான் எழுத வரல. அதுக்கு அடுத்து நடந்த போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தைப் பத்தித்தான் எழுதணும்னு தோணுச்சு. தன்னாட்சிக் கல்லூரின்னா பாடத்திட்டத்தை நாங்களே வகுத்துக்கலாம், அதுக்குத் துறைக்குத் துறை இருக்குற பாடத்திட்டக் குழுதான் இந்த போர்டு.

எங்க துறைல வேளாண் பொருளாதாரம்னு ஒரு பேப்பர் ரொம்ப காலமா இருக்கு. எங்க பசங்க பாதிப் பேர் மேலூர், உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் இருந்து வர்றவங்க, வீட்டுல நிலம் இருக்கும், இல்லன்னா நிலத்துல வேலை பார்க்குறவங்களா இருப்பாங்க. இந்தப் பேப்பர் எடுக்குறப்ப மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய் கடைமடைக்குக் கூட்டிட்டுப் போவோம், 1895ல அணை கட்டி மலைக்கு அந்தப் பக்கம் போற தண்ணிய இந்தப் பக்கம் திருப்பினதுல யார் நிலத்துக்குத் தண்ணி வந்துச்சு யாருக்கு இன்னும் வரலன்னு பசங்களே கண்மாய்க்கரைல நின்னு கேட்டு எழுதிட்டு வருவாங்க, புத்தகத்துல இருக்குற எந்த அத்தியாயத்தையும் விட அது அவங்களுக்கு நல்லா நிக்கும். இந்த வருஷ பேட்ச்ல இருந்து அதை எடுத்துட்டு டிஜிட்டல் மார்க்கெட்டிங் போடப் போறதா கூட்டத்துக்குப் போய் உக்காந்த பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுச்சு. கையெழுத்து ஷீட் முதல்ல சுத்த ஆரம்பிச்சுருச்சு. மினிட்ஸ் டைப் பண்ணி ரெடியா இருந்துச்சு, கூட்டம் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது'ன்னு அச்சுல இருக்கு.

அப்பத்தான் எங்க துறைல சேர்ந்து கொஞ்ச காலமே ஆன ஒரு மேடம் எந்திரிச்சாங்க. குரலை உயர்த்தல, கோவப்படல. "சார், அஜெண்டா எப்ப அனுப்புனீங்க? எனக்கு வரல. படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடறேன்"னு ரெண்டே வரி. துறைத் தலைவர், எங்க எச்ஓடி சார், நல்ல மனுஷன், அவருக்கும் மேல இருந்து பிரஷர், பிளேஸ்மென்ட்டுக்கு ஏத்த மாதிரி பேப்பர் வைங்கன்னு எல்லாத் துறைக்கும் சொல்லியிருக்காங்க. "எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிதாம்மா"ன்னாரு. அந்த மேடம் யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) தன்னாட்சி ஒழுங்குமுறையை பிரிண்ட் எடுத்துக் கையில வச்சிருந்தாங்க. 2018லயும் சரி, 2023ல வந்த புதுசுலயும் சரி, போர்டுன்னா எச்ஓடி தலைவர், துறை ஆசிரியர்கள் எல்லாரும் உறுப்பினர், தாய்ப் பல்கலைக்கழகத்துக்கு வெளிய இருந்து ரெண்டு பாட நிபுணர், துணைவேந்தர் நியமிக்கிற ஒருத்தர், தொழில் துறைல இருந்து ஒருத்தர், நல்லாப் படிச்ச பழைய மாணவர் ஒருத்தர். எல்லாரும் உறுப்பினர்னா எல்லாருக்கும் நோட்டீஸ் வரணும் இல்லையா, அதைத்தான் கேட்டாங்க.

வெளிய இருந்து வந்திருந்த நிபுணர்கள்ல ஒருத்தர் அந்த மேடம் பக்கம் திரும்பி, இந்தப் பேப்பர்ல என்னென்ன நடத்துறீங்க, ஃபீல்டு ஒர்க் உண்டான்னு கேட்டாரு. கேட்டதுக்கு அப்புறம்தான் அது நெசமாவே ஒரு கூட்டமா மாறுச்சு, ரொம்ப நேரம் பேசினோம், பழைய மாணவரா வந்திருந்த தம்பி ஒரு கூட்டுறவு வங்கில வேலை பார்க்குறாரு, பயிர்க்கடன் ஃபைல் பார்க்குறப்பெல்லாம் அந்தப் பேப்பர்தான் எனக்கு உதவுதுன்னு சொன்னாரு. கடைசில வேளாண் பொருளாதாரம் மேஜர் எலெக்டிவ்வா, அதாவது முதன்மைப் பாடத்துக்குள்ள விருப்பப் பாடமா இருக்கும், டிஜிட்டல் மார்க்கெட்டிங் மேஜருக்கு வெளிய இருக்குற பார்ட் நாலுல திறன் பேப்பரா வரும்னு முடிவாச்சு. டைப் பண்ணி வச்சிருந்த மினிட்ஸைக் கிழிச்சுட்டு கையாலேயே புதுசா எழுதினாரு எச்ஓடி. 'ஏகமனதாக' அதுல இல்ல. விவாதத்துக்குப் பிறகுன்னு இருந்துச்சு.

எனக்கு இதைப் பார்த்ததுல இருந்து மனசுல ஒரே விஷயம்தான் ஓடிட்டு இருக்கு. நமக்குச் சட்டத்துல கொடுத்திருக்குற இடம் சின்னது இல்ல. கேட்காம விட்டுட்டா அந்த இடம் வெறும் கையெழுத்து ஷீட்டாப் போயிருது. உங்க காலேஜ்ல இந்த செமஸ்டர் ஆரம்பத்துல இப்படி எதாவது நடந்திருந்தா எழுதுங்க, நல்லது கெட்டது ரெண்டும். காலேஜ் பேரு, ஆள் பேரு வேண்டாம்.

கௌரவ விரிவுரையாளர், அரசு கலைக் கல்லூரி, டெல்டா மாவட்டம்

அண்ணே, படிச்சேன். அந்த மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

எங்க கதை வேற. 'துறை ஆசிரியர்கள் எல்லாரும்'னு எழுதியிருக்கீங்களே, அந்த எல்லாருல நாங்க இருக்கமா இல்லையான்னு எங்க காலேஜ்ல எவருக்கும் தெரியாது. எங்க துறைல பாதிக்கு மேல கௌரவ விரிவுரையாளருங்கதான், ரெண்டாவது ஷிஃப்ட் முழுசும் நாங்கதான் ஓட்டுறோம், பேப்பர் நடத்துறது நாங்க, கேள்வித்தாள் எடுக்கறது நாங்க, இன்டர்னல் மார்க் போடறது நாங்க, ஆனா சிலபஸ் போடற கூட்டத்துக்கு நிரந்தர ஸ்டாஃப்தான் உறுப்பினர்னு போன வருஷம் வரைக்கும் கூப்பிட்டதே இல்ல.

மாசம் 25,000. பதினோரு மாசம்தான் சம்பளம், மே மாசம் கிடையாது. யுஜிசி 2019லயே ஒரு வகுப்புக்கு 1,500, மாசத்துக்கு அதிகபட்சம் 50,000 வரைக்கும் கொடுக்கலாம்னு சொல்லிருச்சு, அதைக் கேட்டு கோர்ட்டு வரைக்கும் போனோம். ஜூன் பொறந்தா காலேஜ் திறக்குற சந்தோஷத்தை விட இந்த வருஷமும் ஆர்டர் வருமா, வந்தா எந்த காலேஜுக்குங்கறதுதான் நெனப்பா இருக்கும். வீட்டுக்காரம்மா மே மாசத்துக்குன்னே தனியா ஒரு சீட்டு கட்டுறாங்க.

இந்த வருஷம் நடந்ததைச் சொல்றேன். எங்க துறைக்குப் புதுசா ஒரு எச்ஓடி மேடம் டிரான்ஸ்பர்ல வந்திருக்காங்க. முதல் நாளே டைம் டேபிள் போடறதுக்கு எங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சாங்க, நாற்காலி பத்தல, பக்கத்து கிளாஸ்ல இருந்து பெஞ்ச் தூக்கிட்டு வந்தோம். யார் எந்தப் பேப்பர் விரும்புறீங்க, யாருக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுக் கேட்டு எழுதினாங்க. இத்தனை வருஷத்துல என்னைய யாரும் இப்படிக் கேட்டதில்ல. அப்புறம் போர்டு கூட்டத்துக்கு எங்களைச் சிறப்பு அழைப்பாளர்னு போட்டு லெட்டர் கொடுத்தாங்க. ஓட்டு இல்ல, ஆனா பேசலாம். மூணாவது வருஷ பேப்பர் ஒன்னுல ரெண்டு யூனிட் ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொல்லுதுன்னு நான் ரொம்ப நாளா நடத்திட்டு நொந்துக்கிட்டு இருந்தேன், அதைச் சொன்னேன், வெளி நிபுணர் அங்கேயே மாத்திட்டாரு. மினிட்ஸ்ல என் பேரு இருக்கு. ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன்.

வணிகவியல், சுயநிதிக் கல்லூரி, கொங்குப் பக்கம்

வணக்கமுங்க. எங்களுக்கெல்லாம் செமஸ்டர் ஜூன்ல ஆரம்பிக்கறதில்லைங்க, ஏப்ரல்லயே ஆரம்பிச்சுருது. பிளஸ் டூ பரீட்சை முடிஞ்ச உடனே ஆளுக்கு ரெண்டு மூணு ஊருன்னு பிரிச்சுக் கொடுத்துருவாங்க, நோட்டீஸைத் தூக்கிட்டு வெயில்ல வீடு வீடாப் போகோணும், இத்தனை அட்மிஷன் கொண்டு வந்தாத்தான் மே மாசச் சம்பளம்னு வாய்வார்த்தையாச் சொல்லுவாங்க, எழுத்துல ஒன்னும் இருக்காது. எம்ஃபில், பிஎச்டி முடிச்ச புள்ளைங்க திண்ணை திண்ணையா உக்காந்து அட்மிஷன் கேக்கறதைப் பார்த்தா வயிறு எரியுமுங்க.

ஆனா நான் எழுத வந்தது வேற. காலேஜ் திறந்த வாரம் நோட்டீஸ் போர்டுல கமிட்டி லிஸ்ட் எல்லாம் புதுசா ஒட்டுவாங்க, ஆன்ட்டி ராகிங், குறை தீர்ப்பு, பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கற உள்ளகப் புகார்க் குழு, அப்படி. அந்த உள்ளகப் புகார்க் குழு லிஸ்ட்டைப் பார்த்தா போட்டிருக்கற தலைவர் மேடம் வேலையை விட்டுப் போயி வருஷம் ஆச்சு. வெளி உறுப்பினர்னு போட்டிருக்கறது செகரட்டரி வீட்டு ஆளு. மாணவிகள் பேரே இல்லைங்க. போன செமஸ்டர்ல ஒரு செகண்ட் இயர் புள்ளை வந்து எங்கிட்ட, மேடம் யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலைன்னு அழுதுச்சு, அந்த லிஸ்ட்ல இருந்த போன் நம்பருக்குக் கூப்பிட்டா எடுக்கவே இல்லைன்னு சொல்லுச்சு. அது என் மனசுல அப்படியே கிடந்துச்சுங்க.

அதனால இந்த வாட்டி நானும் இன்னும் நாலஞ்சு மேடமும் சேர்ந்து பிரின்சிபாலைப் பார்த்தோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் இருக்கு, அதுக்கு மேல யுஜிசி 2015ல உயர்கல்விக்குன்னே தனியா விதி போட்டிருக்கு, அதுல தலைவர் மூத்த பெண் ஆசிரியரா இருக்கோணும், ஆசிரியர் ரெண்டு பேர், ஆசிரியர் அல்லாத ஊழியர் ரெண்டு பேர், மாணவர் சம்பந்தப்பட்ட புகாருன்னா தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவப் பிரதிநிதிகள் மூணு பேர், வெளிய இருந்து தொண்டு நிறுவனத்துல பெண்கள் பிரச்சனைல வேலை செய்யற ஒருத்தர். எல்லாத்தையும் தமிழ்ல ஒரே பக்கத்துல எழுதிக் கொண்டு போய்க் கொடுத்தோம். பிரின்சிபால் படிச்சுப் பார்த்துட்டு செகரட்டரிகிட்ட பேசறேன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு என்னைய மட்டும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "ஏனுங்க மேடம், காலேஜ் பேரைக் கெடுக்கவா பாக்கறீங்க"ன்னு செகரட்டரி கேட்டாரு. எனக்குக் கை நடுங்குச்சு, ஆனா குரல் நடுங்கலைங்க. "நாக் வர்றப்போ இந்த லிஸ்ட்டைக் கேப்பாங்க சார், அதுக்கு முன்னாடி சரி பண்ணிக்கலாம்னுதான்"னு சொன்னேன். அது அவருக்குப் புரிஞ்சுது.

புது லிஸ்ட் ஒட்டியாச்சுங்க. மாணவிகள் மூணு பேரும் இருக்காங்க, ஓட்டுப் போட்டு எடுத்தது. வெளி உறுப்பினரா பக்கத்து டவுன்ல குடும்ப வன்முறைக் கேசுகளைப் பார்க்கற ஒரு அம்மா வந்திருக்காங்க. முதலாம் ஆண்டு ஓரியண்டேஷன்ல அவங்களே மேடை ஏறி நம்பரைக் கரும்பலகைல பெருசா எழுதிப் போட்டாங்க. புள்ளைங்க எல்லாம் போன்ல சேவ் பண்ணிக்கிச்சுங்க.

ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி, மூட்டா (கல்லூரி ஆசிரியர் சங்கம்) உறுப்பினர்

பிள்ளைகளா, எல்லாத்தையும் படிச்சேன், சந்தோஷமா இருக்கு.

கொங்கு நாட்டு மகளுக்கு ஒன்னு சொல்லணும். நாங்க வேலைக்குச் சேர்ந்த காலத்துல மூத்தவங்க சொல்லுவாங்க, தனியார் கல்லூரில வாத்தியார் வேலைங்கறது நிர்வாகியோட முகத்தைப் பார்த்து நிக்கற வேலை, ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில வர்றது ஒரு தொகை, வேண்டாம்னா நாளையில இருந்து வராதன்னு சொல்லிருவாங்கன்னு. அதுக்கு எதிரா ஏயூடி சங்கமும் மூட்டாவும் எத்தனை ஊர்வலம், எத்தனை மறியல். அந்தக் காலத்துலதான் 1976ல தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திச்சு. அதுல கல்லூரிக் குழுன்னு ஒன்னு இருக்கணும், அதுல முதல்வரும் மூத்த ஆசிரியர்களும் உறுப்பினரா உக்காரணும், ஆசிரியரை வேலையை விட்டு எடுக்கணும்னா கல்வித் துறையோட முன் அனுமதி வேணும், அப்படின்னு வந்திச்சு. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கு அதுல சில விலக்கு உண்டு. முடிஞ்சா அந்தச் சட்டத்தை ஆளுக்கு ஒரு பிரதி வாங்கி வச்சுக்கிடுங்க, சின்னப் புத்தகம்தான்.

இன்னொன்னு, போர்டு ஆஃப் ஸ்டடீஸ் பேச்சு வந்ததால சொல்லுதேன். 2023ல செமஸ்டர் ஆரம்பிக்கற நேரத்துலதான் உயர்கல்வி மன்றத்தோட பொதுப் பாடத்திட்டம் வந்திச்சு, ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க ஒரே பாடம், பெரும்பகுதியை எல்லாக் கல்லூரியும் அப்படியே எடுத்துக்கணும்னு பேச்சு. மாணவன் ஒரு காலேஜ்ல இருந்து இன்னொரு காலேஜ் மாறுனா சிரமம் இருக்கக் கூடாது, வேலைக்குப் போறப்ப ரெண்டு படிப்பும் சமம்னு காட்டுற இணைச் சான்றிதழுக்கு அலையக் கூடாதுன்னு அரசு சொன்ன காரணத்துல நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா 1978லயே தன்னாட்சி வாங்கின லயோலா, கிறித்தவக் கல்லூரி மாதிரி இடங்கள்ல இருந்து நேத்து வாங்கின காலேஜ் வரைக்கும், பாடத்தை நடத்துற ஆசிரியர்தான் பாடத்தை வகுக்கணுங்கறது தன்னாட்சியோட உயிர்நாடி. சங்கங்கள் எதிர்த்துச்சு, ஆளுநர் பக்கம் இருந்து பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கடிதம், அமைச்சர் பக்கம் இருந்து ஒரு பதில், அது அரசியலாவும் ஆச்சு. ஆகஸ்ட் மாசம் தன்னாட்சிக் கல்லூரி முதல்வர்களோட அப்போ உயர்கல்வி அமைச்சரா இருந்த பொன்முடி பேசின பிறகு, விரும்புனா ஏத்துக்கலாம்னு தளர்வு வந்திச்சு. அந்த ரெண்டு மாசம் எத்தனை துறைக் கூட்டம் நடந்திச்சுங்கீங்க! நான் ஓய்வு பெற்ற ஆளு, என்னையும் கூப்பிட்டாங்க. பல வருஷமா போர்டு கூட்டத்துல வாயே திறக்காத ஆளுங்கல்லாம் பழைய சிலபஸைத் தூக்கிட்டு வந்து யூனிட் யூனிட்டாப் பேசினாங்க. இந்தப் பேப்பரை ஏன் வச்சோம், இதுல பசங்க எங்க தடுமாறுதாங்க, எல்லாம் வெளிய வந்திச்சு. பறிபோகப் போகுதுன்னு தெரிஞ்ச பிறகு அந்த அக்கறை வந்ததுலதான் எனக்கு வருத்தம். அது வருஷா வருஷம் ஜூன்ல இருக்கணும்.

கணிதம், உதவிப் பேராசிரியர், இணைவுக் கல்லூரி

சார், ஒரு சந்தேகம். எங்க காலேஜ் தன்னாட்சி இல்ல, பல்கலைக்கழக சிலபஸ்தான். எங்களுக்கு போர்டும் இல்ல, அது போடற சிலபஸுக்கு ஒப்புதல் கொடுக்கற அகாடமிக் கவுன்சிலும் இல்ல. நாங்க எங்க பேசறது? இன்னொன்னு, எங்க டைம் டேபிள்ல எனக்கு வாரத்துக்கு 22 மணி நேரம் போட்டிருக்காங்க, கேட்டா ஆள் இல்லைங்கறாங்க.

பொருளியல் துறை, மதுரைப் பக்கம்

தம்பி, போர்டு உங்களுக்கும் இருக்கு, பல்கலைக்கழகத்துல இருக்கு. பல்கலைக்கழகப் பேரவையான செனட்டுக்கு இணைவுக் கல்லூரி ஆசிரியர்கள் தொகுதில இருந்து தேர்தல் மூலமா போறவங்க இருக்காங்க, அங்க இருந்துதான் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டுக்கும் சிலர் போறாங்க. உங்க பேரு வாக்காளர் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க, எத்தனையோ பேரு தேர்தல் நாள் வரைக்கும் பார்க்குறதே இல்ல. உங்க தொகுதி செனட் உறுப்பினர் யாருன்னு கண்டுபிடிச்சு சிலபஸ்ல இருக்குற பிரச்சனையை எழுதிக் கொடுங்க, அவரு செனட்ல கேள்வியா வைக்கலாம்.

வேலைப் பளுவுக்கு, யுஜிசி 2018 விதில உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. அதைக் குறிப்பிட்டு எச்ஓடிக்கு ஒரு லெட்டர், பிரின்சிபாலுக்கு ஒரு காப்பி. சண்டை மாதிரி எழுத வேண்டாம். இந்தத் துறைக்கு மொத்தம் இத்தனை மணி நேரம், ஆசிரியர் இத்தனை பேர், பற்றாக்குறை இத்தனை, கூடுதல் பணியிடம் கேட்டு நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கணும்னு எழுதுங்க. அப்படி எழுதினா எச்ஓடி அதை எடுத்துட்டு மேல போக முடியும், உங்க தனிப்பட்ட குறை மாதிரி ஆகாது.

ஆங்கிலத்துறை, மகளிர் கல்லூரி, சென்னை

எங்க அனுபவம் சின்னதுதான். அகாடமிக் கவுன்சில்ல எல்லா எச்ஓடியும் இருப்பாங்க, அதோட சீனியாரிட்டி சுழற்சில நாலு ஆசிரியர்கள். அந்த நாலுல ஒருத்தியா இந்த வருஷம் என் முறை. கூட்டத்துக்குப் போனா எல்லாத் துறை சிலபஸும் ஒரே பைண்டிங்ல தலகாணி மாதிரி மேஜைல இருக்கு, அன்னைக்குத்தான் கைக்கு வருது, அன்னைக்கே பாஸ் பண்ணணும். பல்கலைக்கழக நாமினி ஒருத்தர்தான் வந்திருந்தாரு, மத்தவங்க வரல. நான் பிரின்சிபால்கிட்ட கேட்டது ஒன்னே ஒன்னு, அடுத்த கூட்டத்துக்கு பத்து நாள் முன்னாடி மெயில்ல அனுப்புங்க சிஸ்டர்னு. அவங்க யோசிச்சுட்டு, "சரிதான், நானே முழுசாப் படிக்கலையே"ன்னு வெளிப்படையாச் சொன்னாங்க. தீர்மானமாவே எழுதிட்டாங்க. அவங்க மேல எனக்கு மரியாதை கூடிருச்சு.

அப்புறம் ஆன்ட்டி ராகிங் பத்தி யாரும் எழுதலையே. முதலாம் ஆண்டு வகுப்பு ஆரம்பிச்ச இந்த வாரங்கள்தான் ரொம்பக் கவனம் வேண்டிய நேரம். 1996ல ராகிங்ல மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டதுக்கு அப்புறம் 1997ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமே கொண்டு வந்த மாநிலம் இது. ஆன்லைன்ல உறுதிமொழிப் பத்திரம் வாங்கிட்டா வேலை முடிஞ்சுருச்சுன்னு இருக்கக் கூடாது. நாங்க ஆன்ட்டி ராகிங் ஸ்குவாடுல இருக்குற ஆசிரியைகள் முறை வச்சு ஹாஸ்டல்ல ராத்திரி சாப்பாட்டு நேரத்துல போய் பிள்ளைங்களோடயே உக்காந்து சாப்பிடறோம். விசாரணை மாதிரி இல்லாம சும்மா பேசிட்டு இருந்தா அவங்களே சொல்லுவாங்க.

வணிகவியல், கொங்குப் பக்கம்

மதுரை சாருங்க, ஒரு உதவி. எங்க காலேஜும் அடுத்த வருஷம் தன்னாட்சிக்கு விண்ணப்பிக்கப் போறாங்கன்னு பேச்சு. அப்போ போர்டு எல்லாம் வரும். அந்த மேடம் கேட்ட மாதிரி நோட்டீஸ் கேட்டு எழுதற லெட்டர் எப்படி இருக்கோணும்னு ஒரு மாதிரி போடுங்களேன்.

பொருளியல் துறை, மதுரைப் பக்கம்

கண்டிப்பாங்க மேடம். அவங்ககிட்டயே கேட்டு வாங்கினேன், அவங்க இந்த செமஸ்டர்ல எழுதிக் கொடுத்தது இதுதான்:

"துறைத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம். பாடத்திட்டக் குழுவின் உறுப்பினர் என்ற முறையில், அடுத்த கூட்டத்தின் தேதி, பொருள் நிரல், மாற்றத்துக்கு உள்ளாகும் பாடங்களின் பழைய வடிவம், புதிய வடிவம் ஆகியவற்றைக் கூட்டத்துக்கு முன்பே அனைத்து உறுப்பினர்களுக்கும் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். கூட்டக் குறிப்பின் வரைவை, கையெழுத்துக்கு முன் உறுப்பினர்கள் படித்துத் திருத்தம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டுகிறேன். மாற்றுக் கருத்துகள் இருப்பின் அவையும் குறிப்பில் இடம்பெற வேண்டுகிறேன்."

ரெண்டு காப்பி எடுங்க, ஒன்னுல பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்தும் தேதியும் வாங்கிக்குங்க. டெல்டா தம்பி, சிறப்பு அழைப்பாளர் லெட்டரையும் அது கூட இணைச்சு, அடுத்த அகாடமிக் கவுன்சில்ல கௌரவ விரிவுரையாளர்களை நிரந்தரமா அழைக்கணும்னு உங்க எச்ஓடி மேடத்தை ஒரு பொருளா வைக்கச் சொல்லுங்க, அவங்க வைப்பாங்க. எங்க அகாடமிக் கவுன்சில் இந்த மாசக் கடைசில இருக்கு, வேளாண் பொருளாதாரம் அங்க என்ன ஆகுதுன்னு வந்து எழுதறேன்.